மேபல் நார்மண்ட்: யாருடைய நினைவிலிருந்து எழுதுகிறோம்?

மௌனப்பட நகைச்சுவையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நம் திரைப்படக் கல்வி வகுப்புகளில் நான்கு பெயர்கள் தவறாமல் வந்துவிடுகின்றன: சார்லி சாப்ளின், பஸ்டர் கீட்டன், ஹெரால்டு லாயிட், ஹாரி லாங்டன். இந்த வரிசைக்கு ஒரு பிறப்புச் சான்றிதழே உண்டு என்று சொல்லலாம். 1949 செப்டம்பரில் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழில் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி எழுதிய நீண்ட கட்டுரை இந்நால்வரையும் நடுவே நிறுத்தியது. பின்வந்த நூல்கள் பலவும் அந்த வரிசையை ஏற்றுக்கொண்டன. நூல்களிலிருந்து அது பாடத்திட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அந்நால்வரில் ஒருவர்கூடத் திரைக்கு வராத 1912ஆம் ஆண்டிலேயே, தம் பெயரையே படத்தலைப்பில் தாங்கிய நகைச்சுவைப் படங்களில் ஒரு பெண் நடித்துக்கொண்டிருந்தார். 1914-இல் அவர் படங்களை இயக்கவும் செய்தார். அவர் மேபல் நார்மண்ட்.

அவருடைய பெயரை மாணவர்கள் அறியாமல் இல்லை. அறிந்திருக்கும் விதம்தான் சிக்கல். கீஸ்டோன் நிறுவனத்தை நடத்திய மாக் செனட்டின் காதலி, சாப்ளினோடு சண்டையிட்ட நடிகை, ஒரு கொலைவழக்கில் பெயர் அடிபட்டவர் என்ற மூன்று குறிப்புகளில் அவர் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. மூன்றிலும் வினைமுதல் வேறொரு ஆண். மேபல் அவ்வினைக்கு அருகே நிற்பவர் மட்டுமே. இந்நிலைக்குக் காரணம் சான்றுகள் இல்லாமை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. இருக்கும் சான்றுகளில் எதை முதலிடத்தில் வைக்கிறோம் என்பதே காரணம். அவர் நடித்த, இயக்கிய படங்கள் ஒரு பகுதியேனும் நம் கையில் உள்ளன. அவற்றை ஓரத்தில் வைத்துவிட்டு, அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து மற்றவர்கள் எழுதிய நினைவுக்குறிப்புகளிலிருந்து அவர் வாழ்க்கையை எழுதி வந்திருக்கிறோம். இப்பதிவில் நான் வாதிட விரும்புவது இதுவே: படத்தை முதற்சான்றாகவும் நினைவுக்குறிப்பைச் சோதிக்கப்பட வேண்டிய சாட்சியமாகவும் வைத்துப் படித்தால், மேபல் நார்மண்ட் வேறொருவராகத் தெரிகிறார், அத்துடன் திரை வரலாற்றை எழுதும் நம் முறையின் ஓட்டையும் தெரிகிறது.

முதலில் வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1892 என்றும் 1893 என்றும் 1895 என்றும் நூலுக்கு நூல் வேறுபடுகிறது. கல்லறைக் கல்லில் இருப்பது 1895. பதின்பருவத்தில் ஓவியர்களுக்கும் ஒளிப்படக் கலைஞர்களுக்கும் மாதிரிப் பெண்ணாக இருந்தார். ‘கிப்சன் பெண்’ என்னும் புகழ்பெற்ற சித்திர வகையை உருவாக்கிய சார்லஸ் டானா கிப்சனும் அவரை வரைந்தவர்களுள் ஒருவர். 1910-ஐ ஒட்டித் திரைக்கு வந்து, விட்டாகிராஃப், பயோகிராஃப் ஆகிய நிறுவனங்களில் நடித்தார். பயோகிராஃபில் அப்போது டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்குநர், மாக் செனட் அங்கே நடிகராக இருந்து நகைச்சுவைப் பிரிவை இயக்கும் நிலைக்கு வந்தவர். 1912-இல் செனட் கீஸ்டோன் நிறுவனத்தைத் தொடங்கியபோது மேபல் அவரோடு சென்றார். அந்நிறுவனத்தின் முதல் வெளியீடுகளுள் ஒன்றான ‘தி வாட்டர் நிம்ஃப்’ படத்தின் நாயகி அவரே. நிறுவனம் தொடங்கிய நாளிலேயே அதன் முதன்மை நட்சத்திரமாக இருந்தவரை, பின்னர் அந்நிறுவனத்தின் வரலாற்றில் ஒரு துணைக்கதையாக ஆக்கிவிட்டோம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கீஸ்டோன் படங்கள் என்றதும் துரத்தல், விழுதல், அடிதடி ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அவற்றில் மேபலின் பங்கு என்ன என்பதைக் காண 1913-இல் வந்த ‘பார்னி ஓல்டுஃபீல்ட்ஸ் ரேஸ் ஃபார் எ லைஃப்’ நல்ல எடுத்துக்காட்டு. மீசைக்கார வில்லன் நாயகியைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுகிறான்; கார்ப் பந்தய வீரர் ஒருவர் ரயிலை முந்திச் சென்று மீட்கிறார். இந்தக் காட்சியின் ஒளிப்படம் இன்றும் பல நூல்களிலும் இணையத்திலும் ‘மௌனப்படங்களில் பெண்கள் இப்படித்தான் காட்டப்பட்டார்கள்’ என்பதற்குச் சான்றாக வைக்கப்படுகிறது. உண்மையில் அப்படம் ஒரு பகடி. பழைய மேடை மிகைநாடகத்தின் பரிதாப நாயகியைக் கேலி செய்வதற்காக எடுக்கப்பட்டது. மேபல் அதில் நடிப்பது ஆபத்தில் சிக்கிய பெண்ணாக மட்டுமன்று. ஆபத்தில் சிக்கிய பெண்ணை நடிப்பவராகவும் நடிக்கிறார். கேலிக்காகச் செய்த ஒன்றை நூறாண்டு கழித்து நாம் அக்காலத்தின் நேரடி வாக்குமூலமாகப் படிக்கிறோம். படத்தைப் பார்க்காமல் ஒளிப்படத்தை மட்டும் பார்த்து எழுதும் வரலாறு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

அவருடைய நடிப்பின் நுட்பத்தைக் காண 1914-இல் வந்த ‘டில்லீஸ் பங்சர்டு ரொமான்ஸ்’ படத்தின் திரையரங்கக் காட்சியைப் பரிந்துரைப்பேன். ஆறு ரீல் கொண்ட அப்படம் அமெரிக்காவின் முதல் முழுநீள அடிதடி நகைச்சுவைப் படமாகக் கருதப்படுகிறது. நாயகி மேரி டிரெஸ்லர். அவரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் மோசடிக்காரர் சாப்ளின். அவருடைய கூட்டாளி மேபல். பணத்தைத் திருடிய இருவரும் புத்தாடை வாங்கி உடுத்திக்கொண்டு படம் பார்க்கச் செல்கிறார்கள். திரையில் ஓடுவதோ ஒரு திருடனின் கதை. தங்கள் கதையே அங்கே நடப்பதை அவர்கள் காண்கிறார்கள். முதலில் படத்தை ரசிக்கும் மேபலின் முகத்தில் மெல்ல ஓர் ஐயம் படர்கிறது, பிறகு அச்சம், பிறகு பக்கத்து இருக்கைக்காரர் யார் என்ற கவலை. துரத்தலும் வீழ்ச்சியும் நிறைந்த படத்தில், இருக்கையில் உட்கார்ந்தபடியே, முகத்தையும் தோள்களையும் மட்டும் கொண்டு ஒரு மனமாற்றத்தை அவர் காட்டிவிடுகிறார். சுற்றியுள்ளவர்கள் மேடைக்குரிய பெரிய சைகைகளில் நடிக்கும்போது, கேமராவுக்கு எவ்வளவு போதும் என்பதை அறிந்தவராக அவர் தெரிகிறார்.

இனிச் சிக்கலின் மையத்துக்கு வருகிறேன். 1914-இன் தொடக்கத்தில் சாப்ளின் கீஸ்டோனுக்கு வந்து சேர்ந்தபோது அவர் இங்கிலாந்து மேடையில் கைதேர்ந்த கலைஞர். திரைக்கோ முற்றிலும் புதியவர். மேபல் வயதில் இளையவர் என்றாலும் மூன்றாண்டுகளுக்கு மேல் கேமரா முன் நின்றவர். நாடோடி வேடத்தைச் சாப்ளின் முதன்முதலில் அணிந்து நடித்தது ‘மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்’ படத்துக்காக. 1914 பிப்ரவரி 9-இல் அது வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னரே ‘கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்’ வெளியாகிவிட்டதால், உலகம் அந்நாடோடியைப் பிந்திய படத்தில்தான் முதலில் கண்டது. முதற்படத்தின் கதை, இரவு உடையில் விடுதி அறைக்கு வெளியே மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் சங்கடம். தலைப்பிலும் அவர் பெயரே. அக்காலக் குறும்படங்களில் இன்றுள்ளதுபோல முழுமையான பெயர்ப்பட்டியல் கிடையாது. ஆகவே அதன் இயக்குநராகப் பல காலம் ஆண்களின் பெயர்களே சொல்லப்பட்டன. அண்மைக்கால ஆய்வுகள் மேபலின் பெயரைக் குறிக்கின்றன. உலகத் திரையின் மிகப்புகழ்பெற்ற வேடம் ஒரு பெண்ணின் பெயர்கொண்ட, ஒரு பெண் இயக்கிய படத்தின் தளத்தில் பிறந்தது என்னும் செய்தி, நம் பாடநூல்களில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட வருவது அரிது.

அதற்குப் பதிலாக வருவது ‘மேபல் அட் தி வீல்’ படப்பிடிப்பில் நடந்த சண்டை. சாப்ளின் ஒரு நகைச்சுவை உத்தியைச் சொல்கிறார், மேபல் ஏற்கவில்லை, சாப்ளின் நடிக்க மறுத்து உட்கார்ந்துவிடுகிறார், இறுதியில் செனட் தலையிடுகிறார். இந்நிகழ்ச்சியை நாம் அறிவது பெரும்பாலும் சாப்ளினின் தன்வரலாற்று நூலிலிருந்து. அதில் மேபலின் அழகையும் இனிய இயல்பையும் பாராட்டிவிட்டு, இயக்குநராக அவருக்குத் திறமை இருந்ததா என்பதில் தமக்கு ஐயம் என்று அவர் எழுதுகிறார். இந்த ஐயம் பின்வந்த பல நூல்களில் ஐயமாக இல்லாமல் முடிவாகவே மாறிவிட்டது.

எந்த வரலாற்று மாணவரும் ஒரு சாட்சியிடம் கேட்கும் மூன்று கேள்விகளை இங்கும் கேட்டாக வேண்டும். சாட்சி எப்போது பேசுகிறார்? அந்நூல் வெளிவந்த ஆண்டு 1964. நிகழ்ச்சி நடந்து 50 ஆண்டுகள், மேபல் இறந்து 34 ஆண்டுகள் கழிந்திருந்தன. சாட்சிக்கு இதில் நலன் உண்டா? நிச்சயமாக உண்டு. தாமே தம் படங்களை இயக்கும் உரிமையைப் பெற்ற கதையைச் சாப்ளின் சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்கதைக்குத் தகுதியற்ற இயக்குநர் ஒருவர் தேவைப்படுகிறார். மறுதரப்பு பேசியதா? இல்லை. மேபல் தன்வரலாறு எழுதவில்லை. எழுதும் வயதுவரை அவர் வாழவும் இல்லை.

நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு. அதைக் கேட்பவர்கள் குறைவு. சாப்ளின் அக்காலத்தில் மேபலோடு மட்டும்தான் மோதினாரா? அதே நூலே இதற்கு விடை தருகிறது. தம் முதற்படத்தை இயக்கிய ஹென்றி லெர்மனோடும் மோதினார். அடுத்து வந்த ஜார்ஜ் நிக்கல்ஸோடும் மோதினார். தம் வேகமும் கற்பனையும் அவர்களுக்குப் புரியவில்லை என்பதே அங்கும் குறை. அப்படியானால் நமக்குக் கிடைக்கும் செய்தி, யாருடைய இயக்கத்திலும் நடிக்க விரும்பாத ஒரு மேதை என்பதுதான். லெர்மனும் நிக்கல்ஸும் ‘சாப்ளினைப் புரிந்துகொள்ளாத இயக்குநர்கள்’ என்று எழுதப்படுகிறார்கள். மேபலோ ‘இயக்கத் தெரியாதவர்’ என்று எழுதப்படுகிறார். ஒரே வகை மோதலுக்கு இரு வகைத் தீர்ப்பு வழங்கியது சாப்ளின் மட்டும் அல்லர். அவரைப் படித்த நாமும்தான்.

இதற்கு எதிரான சான்று படங்களிலேயே உள்ளது. அச்சண்டைக்குப் பின், அதே 1914 ஏப்ரல் இறுதியில் வந்த ‘காட் இன் எ காபரே’ படத்தின் இயக்குநராக மேபலின் பெயரே பட்டியல்களில் உள்ளது. சாப்ளின் அதில் நாயகன். அவ்வாண்டு முழுவதும் இருவரும் சுமார் ஒரு டஜன் படங்களில் சேர்ந்து நடித்தார்கள். சில மாதங்களுக்குப் பின் வந்த ‘மேபல்ஸ் பிளண்டர்’ படமும் மேபல் இயக்கி நடித்ததே. அலுவலகத் தட்டச்சுப் பெண் ஒருத்தி முதலாளியின் மகனை மணக்க இருக்கிறாள். முதலாளியும் அவளிடம் வழிகிறார். தன் காதலன் வேறொரு பெண்ணோடு நெருங்கிப் பழகுவதைக் கண்டு, காரோட்டியான தம்பியின் உடையைத் தான் அணிந்து, தன் உடையைத் தம்பிக்கு அணிவித்து உளவு பார்க்கப் போகிறாள். அந்தப் பெண் காதலனின் தங்கை என்று கடைசியில் தெரிகிறது. ஆண் உடையில் அவள் அனுபவிக்கும் தொல்லைகளும், பெண் உடையில் தம்பி எதிர்கொள்ளும் முதலாளியின் சரசமும் மாறிமாறி வருகின்றன. இரு இடங்களில் ஒரே நேரத்தில் நடக்கும் குழப்பத்தைப் பார்வையாளர் தடுமாறாமல் பின்தொடர முடிகிறதென்றால், அது இயக்குநரின் வேலை. 2009-இல் இப்படம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இயக்கத் தெரியாதவர் என்ற தீர்ப்பை ஏற்பவர்கள் முதலில் இப்படத்துக்கு விடை சொல்ல வேண்டும்.

இதே கண்டிப்பை மறுபக்கத்துக்கும் காட்ட வேண்டும் என்பதும் என் நிலைப்பாடு. அண்மை ஆண்டுகளில் மேபலைப் போற்றி எழுதப்படும் கட்டுரைகளில் மூன்று மிகைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. திரையில் முதன்முதலில் ஒருவர் முகத்தில் ‘பை’ பலகாரத்தை வீசியவர் மேபல் என்பது ஒன்று. 1913-ஆம் ஆண்டுப் படம் ஒன்றை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் 1909-இல் வந்த ‘மிஸ்டர் ஃபிளிப்’ படத்திலேயே பென் டர்பின் முகத்தில் அப்பலகாரம் அப்பப்பட்டுவிட்டது. நகைச்சுவைப் படம் இயக்கிய முதற்பெண் அவரே என்பது இரண்டாவது. பிரான்சிலும் பின்னர் அமெரிக்காவிலும் அவருக்கு நெடுநாள் முன்பே நகைச்சுவைப் படங்கள் இயக்கிய ஆலிஸ் கீ-பிளாஷேயை இது மறைத்துவிடுகிறது. ஒரு பெண்ணை மீட்பதற்காக இன்னொரு பெண்ணை அழிப்பது மீட்பு ஆகாது. சாப்ளின் அனைத்தையும் மேபலிடமே கற்றார் என்பது மூன்றாவது. கேமராவுக்கு முன் நிதானிக்கும் கலையை அவரிடம் கண்டு பயன்பெற்றிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. ஊகத்தை உண்மையாக அறிவிக்க இடமில்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீஸ்டோன் ஒரு பட்டறை. வாரம் தோறும் படங்கள் வெளியான அவசரத்தில், நடிகர்கள் உத்திகளைச் சொன்னார்கள். ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்தார். செனட் எல்லாவற்றையும் மேற்பார்த்தார். அங்கே ‘படைப்பாளி’ என்று ஒருவரை மட்டும் சுட்டுவது கடினம். ‘தனி மேதை’ என்னும் அளவுகோலைக் கொண்டு அளந்ததால்தான் சாப்ளின் வளர்ந்தார், மேபல் மறைந்தார். மேபலையும் அதே அளவுகோலுக்கு ஏற்ப நீட்டிவிட்டால் பட்டறையில் உழைத்த மற்றவர்கள் மறைவார்கள். அளவுகோலை மாற்றுவதே நேர்மையான வழி.

1916-இல் செனட் அவருக்கென ‘மேபல் நார்மண்ட் ஃபீச்சர் ஃபிலிம் கம்பெனி’ என்று தனி நிறுவனமே அமைத்தார். அதில் உருவான ‘மிக்கி’ என்னும் முழுநீளப் படம் முடிந்தும் வெளியாகாமல் கிடந்தது. 1918-இல் ஒருவழியாக வெளியானபோது அது அக்காலத்தின் மாபெரும் வெற்றிகளுள் ஒன்றாயிற்று. சுரங்கப் பகுதியில் ஆண்பிள்ளை போல வளர்ந்து, நகரத்து உறவினர் வீட்டில் வேலைக்காரியாக நடத்தப்பட்டு, குதிரைப் பந்தயத்தில் தானே ஏறி ஓட்டும் பெண்ணின் கதை அது. வெற்றி வந்து சேர்ந்தபோது மேபல் கோல்ட்வின் நிறுவனத்துக்குச் சென்றுவிட்டிருந்தார். கோல்ட்வினில் அவர் நடித்த படங்களில் பெரும்பாலானவை இன்று கிடைப்பதில்லை. அவருடைய வளர்ச்சியின் நடுப்பகுதி முழுவதும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

செனட்டிடம் திரும்பி வந்தபின் 1923-இல் நடித்த ‘தி எக்ஸ்ட்ரா கேர்ள்’ இன்று முழுமையாகப் பார்க்கக் கிடைக்கிறது. திரை நட்சத்திரமாகும் ஆசையோடு சிற்றூரிலிருந்து ஹாலிவுட் வரும் ஒரு பெண், உடைப்பிரிவில் எடுபிடி வேலைக்குச் சேர்கிறாள். சிங்க வேடமிட்ட நாய் என்று நினைத்து, உண்மையான சிங்கத்தைக் கயிற்றில் கட்டிப் படப்பிடிப்புத் தளமெங்கும் இழுத்துச் செல்லும் காட்சி புகழ்பெற்றது. சுற்றியுள்ளவர்கள் அலறி ஓடுகிறார்கள். அவளோ ஒன்றும் அறியாமல் நடக்கிறாள். சிரிப்பு முழுவதும் அவளுடைய அமைதியிலிருந்து பிறக்கிறது. அதே படத்தில், உருக்கமாக நடித்துக்காட்ட வேண்டிய தேர்வுக் காட்சியில் அவள் செய்வதெல்லாம் தளத்தில் உள்ளவர்களைச் சிரிக்க வைக்கிறது. இறுதியில் அவள் ஊர் திரும்பி, மணந்து, தாயாகி, அந்தப் பழைய தேர்வுக் காட்சியை வீட்டில் போட்டுப் பார்க்கிறாள்; குழந்தை அம்மா என்று அழைப்பதே எந்தத் தொழிற்புகழையும்விடப் பெரிது என்று சொல்கிறாள். பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து உச்சியில் இருந்த நடிகையின் வாயில் இந்த வசனத்தை வைத்தது யார், அதை அவர் எந்த முகபாவத்தோடு ஏற்றார் என்பதை ஆய்வு மாணவர்கள் தனியே எழுதலாம். அவ்வளவு செறிவான முடிவு அது.

அப்படம் வந்த வேளையில் செய்தித்தாள்கள் அவரை வேறு காரணத்துக்காகப் பேசிக்கொண்டிருந்தன. அவரோடு இணைந்து பல படங்களில் நடித்த ராஸ்கோ ஆர்பக்கிள் 1921 செப்டம்பரில் ஒரு மரண வழக்கில் கைதானார். 1922 ஏப்ரலில் மூன்றாவது விசாரணையின் முடிவில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். இடையில் 1922 பிப்ரவரி 1 இரவு இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலை அவரைச் சந்தித்து விடைபெற்றுச் சென்றவர் மேபல். காவல்துறை அவரை விசாரித்ததே தவிர, குற்றம் சாட்டவில்லை. அவ்வழக்கு இன்றுவரை துலங்கவில்லை. 1924 புத்தாண்டு நாளில் அவருடைய காரோட்டி கோர்ட்லண்ட் டைன்ஸ் என்பவரைச் சுட்டுக் காயப்படுத்தினான். அதன்பின் சில ஊர்களில் அவர் படங்களுக்குத் தடை எழுந்தது. மூன்று நிகழ்ச்சிகளில் ஒன்றிலேனும் அவர் குற்றவாளி அல்லர். ஆனால் ‘அருகில் இருந்தார்’ என்பதே அவர்மீதான குற்றமாயிற்று. அன்றைய செய்தித்தாள்களுக்குப் பரபரப்பு தேவைப்பட்டது. திரைத்துறையைத் தூய்மைப்படுத்தப் புறப்பட்ட அமைப்புகளுக்கு எடுத்துக்காட்டுகள் தேவைப்பட்டன. இவை அக்காலத்தின் தேவைகள். இன்று அவர் வாழ்க்கைக் குறிப்பை எழுதுபவர்கள் முதற்பத்தியிலேயே இக்கொலையைக் கொண்டுவருவது யாருடைய தேவை?

1926, 1927-இல் ஹால் ரோச் நிறுவனத்துக்காகச் சில குறும்படங்களில் அவர் மீண்டும் நடித்தார். ‘ராகடி ரோஸ்’ படத்தின் உருவாக்கத்தில் ஸ்டான் லாரல் பங்கேற்றார். ‘ஷுட் மென் வாக் ஹோம்?’ படத்தை லியோ மெக்கேரி இயக்கினார். அடுத்த தலைமுறை நகைச்சுவையைக் கட்டியெழுப்பியவர்களோடு அவர் பணியாற்றிக்கொண்டிருந்தார் என்பது இதனால் தெரிகிறது. ‘வீழ்ந்த நட்சத்திரம்’ என்ற கதைக்கு இது பொருந்தாததால் பலரும் இப்பகுதியை விட்டுவிடுகிறார்கள். 1926-இல் நடிகர் லியூ கோடியை மணந்தார். 1930 பிப்ரவரி 23-இல், நாற்பது வயதை எட்டாமலே, கலிபோர்னியாவின் மன்ரோவியாவில் ஒரு காசநோய் மருத்துவமனையில் இறந்தார். போதைப் பழக்கம் பற்றிய வதந்திகள் அவர் பெயரோடு இன்றும் ஒட்டிக்கொண்டுள்ளன. இறப்புக்குக் காரணம் காசநோய் என்பதைக்கூட அழுத்திச் சொல்ல வேண்டிய நிலையில்தான் நாம் இருக்கிறோம்.

இறப்புக்குப் பின்னும் அவர் பெயர் பிறர் வழியாகவே வாழ்ந்தது. 1954-இல் செனட் தம் நினைவுகளை ‘கிங் ஆஃப் காமெடி’ என்னும் நூலாக வெளியிட்டார்; அதில் மேபல் நிறைவேறாத காதலின் நாயகி. 1974-இல் பிராட்வே மேடையேறிய இசைநாடகத்தின் தலைப்பு ‘மாக் அண்டு மேபல்’. பெயர்களின் வரிசையைக் கவனியுங்கள். 1992-இல் ரிச்சர்டு ஆட்டன்பரோ எடுத்த ‘சாப்ளின்’ படம் சாப்ளினின் தன்வரலாற்றை அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டது. மேபல் அதில் ஒரு சிறு பாத்திரம். நினைவுக்குறிப்பு நூலாகி, நூல் நாடகமாகி, படமாகி, படம் மீண்டும் நம் வகுப்பறையில் சான்றாகிறது. இந்தச் சுழற்சியை வெட்டும் பணி 1982-இல் பெட்டி ஃபஸல் எழுதிய வாழ்க்கை வரலாற்றோடு தொடங்கியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ‘பெண் திரை முன்னோடிகள்’ இணையத்தளமும், மேகி ஹென்னஃபெல்டு, கிறிஸ்டன் ஆண்டர்சன் வேக்னர் போன்ற ஆய்வாளர்களின் நூல்களும் அதை முன்னெடுத்துச் சென்றுள்ளன. நம் வாசிப்புப் பட்டியல்கள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

படச்சுருள்களின் அழிவு இதில் பெரும் பங்கு வகிக்கிறது என்பதை மறுக்கவில்லை. 2013-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக டேவிட் பியர்ஸ் தந்த அறிக்கையின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப்படங்களில் 14 விழுக்காடே மூல வடிவில் எஞ்சியுள்ளன. ஆயினும் காப்பகங்கள் உறைந்த இடங்கள் அல்ல. மேபல் 1914-இல் இயக்கிய ‘வொன் இன் எ கப்போர்ட்’ அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 2010-இல் நியூசிலாந்துக் காப்பகத்தில் கண்டெடுத்த படங்களோடு அது திரும்பி வந்தது. ஒரு சுருள் திரும்பும்போது ஒரு தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இந்தியத் திரை வரலாற்றை ஆய்பவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் நிலை இன்னும் கடினமானது. இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்கள் ஆயிரத்துக்கும் மேல். எஞ்சியவை மிகச் சில. 1926-இல் ‘புல்புலே பரிஸ்தான்’ படத்தை இயக்கி, இந்தியாவின் முதற்பெண் இயக்குநராக அறியப்படும் ஃபாத்மா பேகத்தின் அப்படமே இன்று இல்லை. மேபலுக்காவது நினைவுக்குறிப்புக்கு எதிராக நிறுத்தப் படங்கள் உள்ளன. நம் முன்னோடிகள் பலருக்குப் பிறருடைய நினைவும் விளம்பரத் துணுக்குகளும் மட்டுமே உள்ளன. ஆகவே சாட்சியைச் சோதிக்கும் பயிற்சி நமக்குக் கூடுதலாகத் தேவை. யார் சொன்னார், எப்போது சொன்னார், சொல்வதால் அவருக்கு என்ன பயன், சொல்லப்பட்டவர் பேச முடிந்ததா என்ற கேள்விகளை மேபலின் வாழ்க்கையில் பழகிக்கொண்டால், சான்று குறைந்த இடத்திலும் அவற்றைக் கேட்கும் துணிவு வரும்.

எனவே திரைப்பட வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களிடமும் பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களிடமும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, மௌனப்பட நகைச்சுவைக்கு ஒதுக்கும் வகுப்பில் ‘கிட் ஆட்டோ ரேசஸ்’ காட்டினால் ‘மேபல்ஸ் பிளண்டர்’ படத்தையும் காட்டுங்கள். இரண்டும் குறும்படங்களே, ஒரே வகுப்பில் இரண்டையும் முடித்துவிடலாம். இரண்டாவது, சாப்ளினின் தன்வரலாற்றைப் பாடமாக வைக்கும்போது அது 1964-இன் நூல் என்பதைச் சொல்லி, லெர்மன், நிக்கல்ஸ், மேபல் ஆகிய மூவரைப் பற்றிய பகுதிகளையும் அருகருகே வைத்துப் படிக்கச் செய்யுங்கள். முடிவை மாணவர்களே எட்டட்டும். மூன்றாவது, மேபலைப் பற்றிய தேர்வுக் கேள்வியோ குறிப்போ எழுதும்போது அவர் செய்த வேலையிலிருந்து தொடங்குங்கள். காதலும் கொலைவழக்கும் அதன்பின் வேண்டிய அளவுக்கு வரலாம்.

இம்மூன்றுக்கும் நிதியோ புதிய காப்பகமோ தேவையில்லை. வாசிப்பின் வரிசையை மாற்றினாலே போதும். மாற்றுக் கருத்துடையவர்கள், குறிப்பாக ‘மேபல் அட் தி வீல்’ குறித்துச் சாப்ளினின் தரப்பை வலுவானதாகக் கருதுபவர்கள், படக்காட்சிகளைச் சுட்டிக்காட்டிக் கீழே எழுதினால் விவாதிக்க ஆயத்தமாக இருக்கிறேன்.